உடற்பயிற்சிக்குப் பதிலாக ஒரு மாத்திரையா?

இப்பொழுது லயத்தில் ஏறக்குறைய எல்லாக் காம்பராவிலும் ஒரு போன் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்கிற மகனோ மகளோ வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அந்தப் போனில் பாட்டு வருகிறது, செய்தி வருகிறது, கூடவே மருந்து விளம்பரமும் வருகிறது. சில மாதங்களாக ஒரே மாதிரியான விளம்பரத்தை வயதானவர்கள் பலர் நம்மிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நடக்காமலே நடந்த பலன், அறுபது வயதில் இருபது வயது உடம்பு என்கிற தோரணையில் எழுதியிருக்கும். கீழே ஒரு போத்தல் படம். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். விலை பல ஆயிரம் ரூபா.

"ஐயா, இது நெசமா? வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் அநேகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள். ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருக்கும். முப்பது நாற்பது வருடம் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அட்டைக்கடி பட்டுச் சேர்த்த காசு அது. ஆகவே "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. காரணத்தோடு சொன்னால்தான் அடுத்த விளம்பரம் வரும்போதும் அது உதவும்.

இதில் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. உடற்பயிற்சி செய்த பலனை மருந்தினால் கொடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடுவது முற்றிலும் உண்மை. அது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் போனில் விற்கிற போத்தல் அந்தத் தேடலின் முடிவு அல்ல. இந்த இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

எலி ஓடிய கதை

நமது தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் இழைமணி என்று படிப்பது இதைத்தான். சாப்பிட்ட சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்குவது இந்த அடுப்புகளின் வேலை. நாம் மேட்டில் ஏறும்போது தசையில் இருக்கும் சக்தி வேகமாகக் குறைகிறது. வீட்டுக்காரம்மா அரிசிப் பானையின் அடியைத் தட்டிப் பார்த்து "நாளைக்குப் பத்தாது" என்று கண்டுபிடிப்பதைப்போல, குறைந்ததைக் கண்டுபிடிக்கிற ஒரு பொருள் தசைக்குள் இருக்கிறது. ஏ.எம்.பி.கே. என்று அதற்குப் பெயர். அது உடனே உத்தரவு போடும். கொழுப்பை எரி, இரத்தத்தில் உள்ள சீனியை உள்ளே எடு, அடுப்பின் தொகையைக் கூட்டு என்று. புதிதாகக் கல்யாணம் கட்டிக் கீழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த பெண் முதல் மாதம் மேட்டில் ஏற மூச்சு வாங்குவாள். நாலைந்து மாதம் போனால் பேசிக்கொண்டே ஏறுவாள். அதற்குள் அவளுடைய தசையில் அடுப்புகள் கூடியிருக்கின்றன.

விஞ்ஞானிகள் யோசித்தது இதுதான்: மேட்டில் ஏறாமலே, ஏறிவிட்டோம் என்று தசையிடம் ஒரு பொய்யைச் சொன்னால் என்ன?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சால்க் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ரொனால்ட் எவன்ஸ் என்பவரின் குழு 2008ஆம் ஆண்டு அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்தது. ஓட்டப் பயிற்சி எதுவும் இல்லாத சுண்டெலிகளுக்கு ஐகார் என்ற மருந்தை 4 வாரம் கொடுத்தார்கள். பானையைத் தட்டிப் பார்க்கிற அந்தப் பொருளை எழுப்பிவிடுகிற மருந்து அது. பிறகு ஓட விட்டார்கள். மருந்து எடுக்காத எலிகளைவிட இவை 44 சதவீதம் கூடுதலாக ஓடின. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் "உடற்பயிற்சி மாத்திரை" என்று எழுதின. அன்றைக்குப் பிடித்த ஆசை இன்றைக்கும் விட்டபாடில்லை.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு மருந்தும் இருந்தது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, ஜீ.டபிள்யூ. 501516 என்று இலக்கம் மட்டும்தான். ஓட்டப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகள், வெறும் பயிற்சி மட்டும் செய்த எலிகளைவிட மிகத் தூரம் ஓடின. இந்த மருந்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரம் பார்க்கிற நமக்கு இதில்தான் பாடம் இருக்கிறது.

இதைக் கொலஸ்ட்ரோலுக்கும் சீனி வியாதிக்கும் மருந்தாகக் கொண்டுவர ஒரு பெரிய மருந்துக் கம்பனி வருடக்கணக்காக முயற்சி செய்துகொண்டிருந்தது. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நீண்ட நாள் கொடுத்த எலிகளுக்கு உடம்பின் பல உறுப்புகளில் புற்றுநோய் வந்தது. 2007ஆம் ஆண்டு கம்பனி அந்த மருந்தைக் கைவிட்டுவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த கம்பனியே வேண்டாமென்று ஒதுக்கிய மருந்து அது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கார்டரின் என்று ஒரு பெயரை ஒட்டி இணையத்தில் கள்ளத்தனமாக விற்க ஆரம்பித்தார்கள். விளையாட்டு வீரர்களும் தேகப்பயிற்சி செய்கிற பொடியன்களும் வாங்கினார்கள். 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, இது போட்டியில் தடைசெய்யப்பட்ட மருந்து என்பதோடு நிற்காமல், உடம்புக்கே ஆபத்தானது என்று வீரர்களுக்கு எச்சரிக்கை விட்டது. ஊக்கமருந்து பிடிக்கிறவர்கள், மோசடி செய்கிறவனின் உயிருக்காகவும் கவலைப்பட்டு எச்சரிக்கை விடுவது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. ஆகவே போனில் பார்க்கிற போத்தலில் ஒன்றும் இல்லாமல் வெறும் மாவு இருந்தால் காசு மட்டும்தான் நட்டம். ஏதாவது இருந்துவிட்டால்தான் பயம்.

ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று வேறொரு மருந்தைப் பற்றி அறிவித்தது. அதுவும் எலிகளை நன்றாக ஓட வைத்தது, கொழுத்த எலிகளின் எடையையும் குறைத்தது. அதுவும் எலிதான்.

வயதானவர்களுக்கு என்ன கண்டுபிடித்தார்கள்?

சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2020ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான பரிசோதனை நடந்தது. கிழட்டு எலிகளின் கூட்டுக்குள் ஓடி விளையாட ஒரு சக்கரத்தை வைத்தார்கள். சில வாரம் ஓடிய பிறகு அந்த எலிகளின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீர்ப்பகுதியை எடுத்து, ஓடாமல் சும்மா இருந்த கிழட்டு எலிகளுக்கு ஏற்றினார்கள். சும்மா இருந்த எலிகளுக்கும் ஞாபகசக்தி கூடியது. ஓடியது ஒன்று, பலன் இன்னொன்றுக்கு! காரணத்தைத் தேடியபோது, ஓடும்போது ஈரலிலிருந்து இரத்தத்துக்கு வருகிற ஒரு நொதியம் அகப்பட்டது. நன்றாக நடமாடுகிற முதியவர்களின் இரத்தத்திலும் அது கூடுதலாக இருந்தது. கால் நடப்பதால் மூளைக்கு நன்மை என்று பெரியவர்கள் சொல்வதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று இதனால் தெரிந்தது.

மனிதரிடமே பார்த்த ஒன்றும் உண்டு. மாதுளம்பழம் சாப்பிட்டால் சிலருடைய குடலில் உள்ள கிருமிகள் அதிலிருந்து யூரோலித்தின் ஏ என்ற பொருளை உண்டாக்குகின்றன. எல்லோருடைய குடலிலும் அந்தக் கிருமிகள் இல்லை. பழுதுபட்ட இழைமணிகளை உடம்பு கழித்துவிடுவதற்கு இந்தப் பொருள் உதவுகிறது. அமெரிக்காவில் 65 முதல் 90 வயது வரையான 66 பேரில் ஒரு பகுதியினருக்கு இதை 4 மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2022இல் முடிவு வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களின் கை, கால் தசைகள் களைக்காமல் கூடுதல் தடவை சுருங்கின. ஆனால் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது இரு பகுதியினருக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தசையில் ஒரு மாற்றம் தெரிகிறது, நடையில் தெரியவில்லை. கிழவனாருக்கு வேண்டியது நடைதானே!

2025ஆம் ஆண்டு சீன விஞ்ஞானிகள் பீட்டெயின் என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். நாள்தோறும் உடற்பயிற்சி செய்பவர்களின் உடம்பில் சிறுநீரகம் இதைக் கூடுதலாக உண்டாக்குகிறதாம். வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது முதுமையின் சில பாதிப்புகள் குறைந்தன. முதன்முதலில் பீட்ரூட்டின் இனமான, சீனி எடுக்கிற பீட் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். இதைப் படித்துவிட்டு நுவரெலியா பீட்ரூட்டை மூட்டையாக வாங்கிவிட வேண்டாம். பீட்ரூட் நல்ல மரக்கறி, கறி வைத்துச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று நம்மில் பலரைத் தொடுகிற விடயம். சீனி வியாதிக்குக் கிளினிக்கில் கொடுக்கிற மெட்போமின் மாத்திரையைப் பலர் குடிக்கிறோம். நல்ல மாத்திரை, பழகிய மாத்திரை. அதுவும் தசையில் அந்த ஏ.எம்.பி.கே. பொருளை எழுப்புவதால், சீனி வியாதி இல்லாத வயதானவர்களுக்கும் இளமை கொடுக்குமோ என்று ஆராய்ந்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமானவர்களை 14 வாரம் பாரம் தூக்கும் பயிற்சி செய்ய வைத்து, பாதிப்பேருக்கு மெட்போமினும் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை குடித்தவர்களுக்குத் தசை கூடுதலாக வளரும் என்று எதிர்பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது. வெற்று மாத்திரை குடித்தவர்களுக்குத்தான் தசை கூடுதலாக வளர்ந்தது.

இந்த இடத்தில் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது: அந்தப் பரிசோதனை சீனி வியாதி இல்லாதவர்களிடம் செய்தது. சீனி வியாதி உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மெட்போமினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் போகும். டொக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நாம் இதைச் சொன்ன காரணம், உடற்பயிற்சியின் பலன் ஒரு பூட்டு ஒரு சாவி என்ற மாதிரி அமைந்ததல்ல என்று காட்டத்தான். அமெரிக்க அரசாங்கத்தின் உதவியோடு நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில் எலிகளை 8 வாரம் வரை ஓட வைத்து உடம்பின் 19 வகையான பகுதிகளைச் சோதித்தார்கள். 2024இல் முடிவு வந்தது. 19 இடத்திலும் மாற்றம் இருந்தது, ஆயிரக்கணக்கான மாற்றங்கள். ஒரு மாத்திரை இவற்றில் ஒன்றிரண்டைத் தொடலாம். எலும்பு பலப்படுவதற்கு அதன்மேல் பாரம் விழ வேண்டும். விழாமல் நிற்பதற்குக் காலும் கண்ணும் காதுக்குள் இருக்கிற உறுப்பும் சேர்ந்து பழக வேண்டும். இதை எந்த மாத்திரை பழக்கும்?

அப்படியானால் விஞ்ஞானிகள் வீணாகவா தேடுகிறார்கள்? இல்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர், தசை தேய்கிற வியாதி உள்ள பிள்ளை, இவர்களால் நடக்க முடியாது. நட என்று சொல்வது கொடுமை. அவர்களுடைய தசை தேய்ந்து போகாமல் காப்பாற்ற ஒரு மருந்து வந்தால் அது பெரிய புண்ணியம். அந்த நாள் வரட்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். ஆனால் இன்றைய நிலையில், உடற்பயிற்சிக்குப் பதிலாக என்று எந்த நாட்டு மருந்து அதிகாரசபையும் அனுமதித்த மாத்திரை ஒன்றுகூட இல்லை.

தொண்ணூறு வயதில் என்ன நடந்தது?

மாத்திரையைத் தேடி ஓடுகிற இந்தக் கூட்டத்தில் ஒரு பழைய ஆராய்ச்சி மறந்துபோய்விட்டது. நமக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே இருந்த 10 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர்கள், கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடியாதவர்கள் அதில் இருந்தார்கள். இவர்களுக்கு வைத்தியர்களின் மேற்பார்வையில் காலினால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். லேசான பாரம் அல்ல, நன்றாகக் கஷ்டப்பட்டுத் தூக்க வேண்டிய பாரம். 8 வாரம் முடிந்தபோது தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது இருந்ததைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். இரண்டு பேர் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்தார்கள். கையை ஊன்றாமல் எழும்ப முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழும்பினார். இது 1990ஆம் ஆண்டு வெளிவந்தது.

நான்கு வருடம் கழித்து, 1994இல், அதே ஆராய்ச்சியாளர்கள் 100 பேரை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசைப் பலம் 113 சதவீதம் கூடியது. பயிற்சி செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு நடையிலோ பலத்திலோ முன்னேற்றம் இல்லை. டின்னில் வருகிற சத்துமாவை அப்பாயிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "எழும்பாதீங்க, உக்காந்தே இருங்க" என்று சொல்கிற பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்.

1990ஆம் ஆண்டுப் பரிசோதனையில் இன்னொரு விடயமும் உண்டு. பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில் பலம் 32 சதவீதம் இறங்கிவிட்டது.

"நாங்க மலையேறுனது போதாதா?"

உடற்பயிற்சி என்று வாயெடுத்தாலே நம்மிடம் வருகிற கேள்வி இது. கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. நியாயமான கோபம்தான். கூடைக் கயிறு தலையை அழுத்த, படங்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர்களிடம் போய், கவ்வாத்து வெட்டி முள்ளுக்குத்தி உடம்பைத் தேய்த்தவர்களிடம் போய், "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

ஏறியது வீண் போகவில்லை. லண்டன் நகரத்து மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற சாரதிகளையும், படியேறி இறங்கி டிக்கட் கொடுக்கிற நடத்துனர்களையும் ஒப்பிட்டு ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் 1953இல் எழுதினார். ஏறி இறங்கிய நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உங்களுடைய இருதயமும் மேட்டினால் பலன் அடைந்திருக்கும்.

ஆனால் தசை சேமலாப நிதி மாதிரி அல்ல. முப்பது வருடம் போட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாக எடுத்து வைத்துச் சாப்பிட முடியாது. அன்றாடச் சம்பளம் மாதிரி, அன்றைக்கு உழைத்தது அன்றைக்கு. 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்தில் 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் கட்டிலைவிட்டு இறங்காமல் படுக்க வைத்தார்கள். பிறகு அவர்களின் உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று அளந்தார்கள். 30 வருடம் கழித்து, 50 வயதில் அதே 5 பேரையும் தேடிப்பிடித்துத் திரும்ப அளந்தார்கள். 30 வருட வயது குறைத்ததைவிட, அன்றைக்கு 3 வாரப் படுக்கை குறைத்தது அதிகமாக இருந்தது! அந்த ஐம்பது வயதுக்காரர்களை 6 மாதம் நடக்கவும் ஓடவும் பழக்கியபோது, வயதினால் குறைந்திருந்த பகுதி திரும்பி வந்துவிட்டது.

தோட்டத்தில் நாம் காண்பதும் இதே கதைதான். நேற்று வரைக்கும் மலையில் நின்ற பெரியம்மா, பேர் நின்ற மறுநாளிலிருந்து அடுப்படியிலும் ஸ்தோப்பிலும் மட்டும் இருப்பார். இரண்டு வருடத்தில் பீலிக்கரைக்கு இறங்க முடியாது. மூன்றாவது வருடம் ஈரப் படியில் விழுவார். வயது போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். வயதின்மேல் போடுகிற பழியில் பாதி, உட்கார்ந்திருந்ததின்மேல் போட வேண்டியது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கொழுந்து எடுப்பதில் ஒரே தசைதான் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. கழுத்தும் தோளும் இறுகிப்போகும், முழங்கால் நோகும், ஓய்வு கிடையாது. பயிற்சி என்பது அளவோடு செய்து, ஓய்வு கொடுத்து, திரும்பச் செய்வது. அதனால் உடம்பு நோகிறவர்களும் இதைச் செய்யலாம்.

செய்ய வேண்டியது காசு செலவில்லாதது. ஸ்தோப்பில் ஆடாத ஒரு வாங்கைச் சுவரோடு போட்டு உட்காருங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு மெதுவாக எழும்புங்கள், மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது, இறங்கும்போதும் தொடைக்கு வேலை இருக்கிறது. முதல் நாள் ஐந்து தடவை போதும். கையை ஊன்றித்தான் எழும்ப முடியுமென்றால் ஊன்றியே ஆரம்பியுங்கள். ஒரு வாரத்தில் எட்டு, பிறகு பத்து, பிறகு இளைப்பாறி இன்னொரு பத்து. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ, தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்க அது போதும். சுகமாகிவிட்டால் மணலை நிரப்பலாம். சுவர் ஓரமாக நின்று ஒரு காலில் பத்து எண்ணும் வரைக்கும் நிற்கப் பழகுங்கள், கை சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவற்றைச் செய்தால் போதும்.

நடையைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 நிமிடம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டில் வரும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கோ பிள்ளை மடுவத்துக்கோ கூட்டிக்கொண்டு போய் வருவதே பலருக்கு இந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். மழை நாளில் வழுக்குகிற குறுக்குப் பாதை வேண்டாம், ரோட்டிலேயே போங்கள். செருப்பு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மாத்திரைப் போத்தலின் விலையில் நல்ல செருப்பு வாங்கிவிட்டு மிச்சக் காசும் இருக்கும்.

தசைக்குச் சாப்பாடும் வேண்டும். ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் வயிற்றை நிரப்பும், தசையைக் கட்டாது. பருப்பு, கௌபி, கடலை, முட்டை, நெத்தலி இவற்றில் ஏதாவது ஒன்று முதியவரின் தட்டிலும் தினமும் இருக்கட்டும். சின்னப்பிள்ளைக்கு முட்டையைக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் ரொட்டி சாப்பிடுகிற அம்மாயிகள் நம் தோட்டத்தில் நிறைய. சிறுநீரக வியாதி உள்ளவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

இருதய வியாதி, கட்டுப்படாத பிரஷர், அடிக்கடி தலைசுற்று உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன் தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள். செய்யும்போது நெஞ்சு நோ, நெஞ்சு இறுக்கம், மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முதல் வாரம் தொடை நோவது வழமை. மூட்டு வீங்கினால் அது வழமை அல்ல.

போனில் பார்த்த போத்தலை ஏற்கனவே வாங்கிவிட்டவர்களும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைத்து வைக்காதீர்கள். குடிப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் குடிக்கிற பிரஷர் மாத்திரையோடும் சீனி மாத்திரையோடும் அது சேருமா என்று அவர் பார்க்க வேண்டும். வெளியே ஒட்டியிருக்கும் துண்டைக் கிழிக்காமல் அப்படியே கொண்டு போங்கள்.